பரிசு கிடைக்காத பிள்ளைக்கு நாம் என்ன தருகிறோம்?



காஞ்சியில் சங்கீதத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் பெரும்பாலும் புகழ் பெற்றவர்களின் பெருமையைப் பேசிவிட்டுப் போவார்கள். அந்தப் பெருமைக்கு இந்த ஊரில் குறைவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் சில ஆண்டுகள் தங்கியிருந்த ஊர் இது. நாயனாப் பிள்ளை வாழ்ந்த ஊர், டி.கே. பட்டம்மாள் பிறந்த ஊர். ஆனால் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது பாட்டுப் போட்டியில் பேர் கொடுத்து, மாதக்கணக்கில் சாதகம் செய்து, மேடையேறிப் பாடி, பரிசில்லாமல் வீடு திரும்பும் பிள்ளையைப் பற்றி. எந்தப் போட்டியிலும் இவர்கள்தான் பெரும்பான்மை. பரிசு பெற்ற மூன்று பேரை நாம் படம் பிடித்துக்கொள்கிறோம். மற்றவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தோற்ற பிள்ளைக்கு ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது. அது எங்கே குறைந்தது என்று ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டும். அடுத்து அது பாடுவதற்கு ஓர் இடமும் தர வேண்டும். ஊக்கம் என்று நான் சொல்வது இந்த இரண்டையும்தான்.

போட்டி எதை அளக்கிறது?

போட்டி நடக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு பள்ளிக்கூட மண்டபம். மேடையில் ஜமுக்காளம் விரித்து, சுருதிப்பெட்டி வைத்திருக்கிறார்கள். எதிரே மேசை போட்டு நடுவர்கள் மூவர். வாசற்கதவில் ஒட்டிய பட்டியலில் பிள்ளையின் வரிசை எண் இருக்கிறது. முறை வரும்வரை, அம்மா பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஊற்றிக் கொடுக்கிறார். பாட்டு டீச்சர் காதருகே குனிந்து, “அவசரப்படாதே, சுருதியைக் காதில் வாங்கிக்கொண்டு ஆரம்பி” என்கிறார். எண்ணைக் கூப்பிட்டதும் பிள்ளை ஏறி உட்காருகிறது. பட்டுப்பாவாடை மேல் தாளம் போடும் கை லேசாக நடுங்குகிறது. வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடச் சொல்கிறார் ஒரு நடுவர். கீர்த்தனையின் அனுபல்லவியை மட்டும் எடு என்கிறார் இன்னொருவர். சிட்டை ஸ்வரத்தில் ஓர் ஆவர்த்தனம் முன்னே ஓடிவிடுகிறது. மணி அடித்துவிடுகிறார்கள். எல்லாம் சில நிமிடங்கள்தான்.

நடுவரின் தாளில் சுருதி, லயம், பாடாந்தரம், குரல், உச்சரிப்பு என்று கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எண் விழும். கூட்டிப் போட்டால் முடிவு வந்துவிடும். அந்தத் தாள் அமைப்பாளரின் கோப்புக்குள் போய்விடுகிறது. மாலையில் மூன்று பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்கள். தன் பெயர் அதில் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். சுருதியில் குறைந்ததா, லயத்தில் குறைந்ததா, எல்லாம் நன்றாக இருந்தும் இன்னொரு குழந்தை இன்னும் நன்றாகப் பாடிவிட்டதா என்பது தெரியவே தெரியாது. காரணம் தெரியாத தோல்வியைப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த வழியில் விளக்கிக்கொள்கிறார்கள்: எனக்குக் குரலே இல்லை, எனக்குச் சங்கீதம் வராது. அன்றைய சில நிமிடங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்ணை அந்தப் பிள்ளை தன் ஆயுளுக்கே கொடுத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. பாட்டு நிற்பது அந்த இடத்தில்தான்.

பந்தயம் வைத்த காலம்

இப்படி எடுத்துக்கொள்வதற்கு நம் பழைய கதைகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சங்கீதப் போட்டி என்றால் நம் மரபில் அது வாது. தோற்றவன் விருதுகளை இழக்க வேண்டும். பொப்பிலி கேசவய்யா என்ற வித்வான் தம்புராவில் கொடி கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று வித்வான்களை வாதுக்கு அழைத்தார் என்றும், தஞ்சை அரசவையில் சியாமா சாஸ்திரிகள் அவரை எதிர்கொண்டு வென்றார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். வாதுக்கு முன் சாஸ்திரிகள் போய் நின்றது பங்காரு காமாட்சியின் சந்நிதியில். அந்தப் பொன் காமாட்சி இங்கிருந்து, இந்தக் காஞ்சியிலிருந்து, தஞ்சைக்குப் போனவள். சாஸ்திரிகளின் முன்னோர் அவளுக்குப் பூசை செய்த குடும்பம்.

இந்தக் கதையில் என் மனம் நிற்கும் இடம், சியாமா சாஸ்திரிகளுக்கும் அன்று பயம் இருந்தது என்பதுதான். மும்மூர்த்திகளில் ஒருவர், தாளக்கட்டில் தனக்கு நிகரில்லாதவர், வாதுக்கு முன் அம்பாள் முன்னால் போய் நின்று பாடி மனத்தைத் திடப்படுத்திக்கொண்டார். போட்டிக்கு முன் கை நடுங்குகிற பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். நடுக்கம் திறமைக் குறைவின் அடையாளம் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

இன்று நாம் பந்தயம் எதுவும் வைப்பதில்லை. தோற்ற பிள்ளையின் தம்புராவை யாரும் பிடுங்குவதில்லை. ஆனால் வீடு திரும்பும் பஸ்ஸில், “இவ்வளவு செலவு பண்ணிக் கற்றுக்கொடுத்து என்ன பிரயோசனம்” என்று ஒரு தகப்பனார் சொல்லிவிட்டால், பிடுங்கியதற்குச் சமம்தான்.

தீர்ப்பு தவறும்போது

தீர்ப்பு தவறுவதும் உண்டு. நம் முன்னோர் அதை நன்றாக அறிந்திருந்தார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இசைவாது வென்ற படலம் என்று ஒன்று உண்டு. பாணபத்திரரின் மனைவியும் ஈழத்திலிருந்து வந்த ஒரு பாடினியும் பாண்டியன் அவையில் பாடுகிறார்கள். அந்தப்புரத்துப் பேச்சுக்கு இணங்கிய அரசன் ஈழத்துப் பாடினியே வென்றாள் என்கிறான். அரசன் சொன்னதையே அவையும் சொல்கிறது. பத்திரரின் மனைவி சொக்கநாதர் சந்நிதியில் பாடுவோம் என்கிறாள். அங்கே இறைவனே ஒரு வித்வானாக வந்து அமர்ந்து உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர்க் குமரகோட்டத்திலும் இப்படி ஒன்று சொல்வார்கள். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற்பாட்டின் தொடக்கத்திலேயே ஒரு சொற்புணர்ச்சிக்கு இலக்கணம் கேட்டு அவை தடுத்தது. அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லி ஒரு புலவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் காட்டி, இதோ விதி என்றார். வந்தது முருகன்தான் என்பது ஐதிகம். இரண்டு கதைகளிலும் பாடியவர் தன் பாட்டை மாற்றவில்லை. அவையில் ஒருவர் எழுந்து, காரணத்தோடு உண்மையைச் சொன்னதும் எல்லாம் மாறியது.

தெய்வம் வந்து சொன்னதாகப் புராணம் சொல்லும் அதே காரியத்தை நம் காலத்தில் ஒரு பாடகி செய்திருக்கிறார். 1960-களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டம் கூடூரில் ஒரு பாட்டுப் போட்டி. பாடிய மாணவர்களில் ஒருவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். அவருக்கு இரண்டாம் பரிசு அறிவித்தார்கள். அன்று சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் எஸ். ஜானகி. முதல் பரிசு இந்தப் பையனுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று அவர் சபையறியச் சொன்னார். நீ திரைப்படத்தில் பாட முயல வேண்டும் என்று அவரிடமும் சொன்னார். பாலசுப்ரமணியம் இதை வாழ்நாள் முழுக்க மேடைதோறும் நன்றியோடு சொல்லிவந்தார். ஜானகியம்மா 1956-இல் அகில இந்திய வானொலிப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றவர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். இரண்டாவதாக நிற்பது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அதன் பிறகும் பாலசுப்ரமணியத்துக்கு வழி நேராகத் திறந்துவிடவில்லை. எம்.எஸ். விஸ்வநாதனிடம் பாடிக்காட்டியபோது, குரல் நன்றாக இருக்கிறது, தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வா என்ற பதில்தான் கிடைத்தது. அதுவும் மறுப்புதான். ஆனால் எதைத் திருத்த வேண்டும் என்று சொன்ன மறுப்பு. அவர் திருத்திக்கொண்டார். அந்தத் தமிழை நாம் பிறகு அரை நூற்றாண்டு கேட்டோம். அவரைத் தேர்ந்தெடுத்து 1966 டிசம்பரில் தெலுங்கில் முதல் திரைப்பாட்டைப் பாடவைத்தவர் இசையமைப்பாளர் எஸ்.பி. கோதண்டபாணி. சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம் கட்டியபோது பாலசுப்ரமணியம் அதற்குக் கோதண்டபாணியின் பெயரையே வைத்தார்.

வார்சாவில் 1980-இல் நடந்த சோப்பின் பியானோ போட்டியிலும் இதே போல ஒன்று நடந்தது. ஈவோ பொகோரெலிச் என்ற இளைஞரை இறுதிச் சுற்றுக்கு முன்பே நீக்கிவிட்டார்கள். நடுவர்களில் ஒருவரான மார்த்தா ஆர்கெரிச் அதை ஏற்காமல் நடுவர் குழுவிலிருந்தே விலகினார். அந்த ஆண்டு முதல் பரிசு பெற்றவர் வியட்நாமின் டாங் தாய் சொன்; ஆசியாவிலிருந்து அந்தப் பரிசை வென்ற முதல் கலைஞர். அவர் தகுதியிலும் குறையில்லை. ஒரே மேடையில் இரண்டு பெரிய கலைஞர்கள் இருக்கலாம், பரிசு ஒன்றாகத்தான் இருக்கிறது. இதைப் பிள்ளைகள் புரிந்துகொண்டால் வென்ற தோழி மேல் பொறாமை வராது, தன் மேல் வெறுப்பும் வராது.

தீர்ப்பு சரியாக இருக்கும்போது

தீர்ப்பு தவறு என்று சொல்லித் தேற்றுவது எளிது. பல நேரம் தீர்ப்பு சரியாகவே இருக்கும். நம் பிள்ளையின் சுருதி உண்மையிலேயே விலகியிருக்கும். அப்போது என்ன செய்வது?

செம்மங்குடி சீனிவாசய்யரின் இளமையைப் பாருங்கள். அவர் குரலைக் கேட்ட மூத்த வித்வான் ஒருவர், இந்தக் குரலுக்கு வாய்ப்பாட்டு வேண்டாம், வயலின் கற்றுக்கொள்ளட்டும் என்றாராம். சங்கீத உலகில் இது நெடுங்காலமாகப் பேசப்படும் செய்தி. அந்த வித்வான் பொய் சொல்லவில்லை. செம்மங்குடியின் குரல் இயல்பிலேயே கரகரப்பானது, கடைசிவரை அது தேன் குரலாக மாறவில்லை. அந்தக் குரல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அறிந்து, அது செய்யக்கூடியதை முழுமையாகச் செய்யும்வரை அசுர சாதகம் செய்தார். 1947-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றபோது அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை.

இத்தாலியின் வெர்டியை 1832-இல் மிலான் இசைக்கல்லூரி சேர்த்துக்கொள்ளவில்லை. வயது பதினெட்டு, சேர்க்கை வயதைக் கடந்தவர், வெளியூர்க்காரர், பியானோவில் கை வைக்கும் முறையும் சரியில்லை என்றார்கள். விதிப்படி பார்த்தால் அது நியாயமான மறுப்புதான். அவரைக் காப்பாற்றியவர் பரெட்சி என்ற உள்ளூர் வியாபாரி. ஊருக்குத் திரும்பி வா, கடையில் கணக்கு எழுது என்று அவர் சொல்லவில்லை. மிலானிலேயே லவிஞா என்ற ஆசிரியரிடம் தனியாகப் பாடம் கற்க ஏற்பாடு செய்து, செலவை ஏற்றுக்கொண்டார். இன்று அந்தக் கல்லூரியின் பெயரே வெர்டியின் பெயர்தான். பட்டு வியாபாரத்தில் கை தேர்ந்த பெரியவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். பரெட்சி செய்தது உங்களால் முடியாத காரியமல்ல.

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாவில் ஓர் இழை அறுந்தால் நெய்பவர் தறியை நிறுத்துகிறார். எந்த இழை என்று விரலால் தேடிக் கண்டுபிடிக்கிறார். பிணைத்த பிறகுதான் நாடாவை மறுபடி ஓட்டுகிறார். அறுந்தது தெரியாதது போல ஓட்டினால் சேலை முழுக்கக் குறை ஓடும், அறுந்ததற்காகப் பாவையே யாரும் வெட்டி எறிவதும் இல்லை. தோற்ற பிள்ளையிடம் நாம் செய்ய வேண்டியதும் அதுதான். எந்த இடம் என்று சரியாகக் காட்ட வேண்டும். “இன்னும் நன்றாகப் பாடு” என்பது காட்டுவதாகாது. “தோடியில் காந்தாரத்துக்கு அசைவு போதவில்லை, இந்த ஒரு வரியை நாற்பது நாள் மெதுவாகப் பாடு” என்பதே காட்டுவது. அதைக் கேட்கும் பிள்ளைக்கு மறுநாள் காலையில் செய்ய ஒரு வேலை இருக்கும். வேலை இருக்கிற மனம் சோர்வில் அதிக நாள் கிடப்பதில்லை.

காஞ்சியின் பாடம்

இந்த ஊரிலேயே இதற்கு முழுச் சான்று இருக்கிறது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்தவர். இளமையில் அவருடைய நாட்டம் மல்யுத்தத்தில்தான் இருந்தது, சங்கீதத்துக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தார் என்பார்கள். வந்த பிறகு அவர் செய்த சாதகமும் தாளத்தில் அடைந்த தேர்ச்சியும், வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை அமர்த்திக்கொண்டு ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்யும் துணிவை அவருக்குத் தந்தன. வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா இவரிடம் கற்கக் காஞ்சிக்கு வந்தார். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை இவருடைய சீடர்.

நாயனாப் பிள்ளை இங்கே தியாகராஜ உற்சவம் நடத்தினார். அதையொட்டிக் குழந்தைகளுக்குப் பாட்டுப் போட்டியும் வைத்தார். அதில் சுமார் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பைரவியில் ‘ரட்ச பெட்டரே’ பாடி முதல் பரிசு பெற்றாள். 1919-இல் இந்த ஊரில் பிறந்த பட்டம்மாள்தான் அந்தச் சிறுமி. இது வெற்றிக் கதைதானே, தோல்வியைப் பற்றிய பேச்சில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பரிசுக்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் நின்றது, எந்த நடுவரும் சொல்லாத ஒரு மறுப்பு. அந்தக் காலத்தில் அவர் சமூகத்துப் பெண்கள் சபையில் பாடக்கூடாது. இசைத்தட்டில் பாடினால் கல்யாணம் எப்படி ஆகும் என்று தகப்பனாருக்குக் கவலை. மேடையேறிய பிறகும், ராகம் தானம் பல்லவி ஆண்களுக்குரியது என்ற எண்ணம் குறுக்கே நின்றது.

அவரை முன்னே கொண்டுபோனவர்கள் யார்? தகப்பனாரிடம் பேசி மனத்தை மாற்றிய பள்ளித் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள் ஒருவர். உடன்பிறந்த சகோதரர்களும் துணை. நாயனாப் பிள்ளை கச்சேரிகளைக் கூடவே போய்க் கேட்டு, கேட்ட உருப்படிகளை நினைவிலிருந்து எழுதி வைத்துக் கற்றார்கள். பட்டம்மாள் அவரிடம் முறையாகப் பாடம் கேட்டவரல்ல, கேள்வி ஞானத்தால் அவரை மானசீக குருவாகக் கொண்டவர். பிறகு அம்பி தீட்சிதர், டி.எல். வெங்கடராமய்யர், பாபநாசம் சிவன் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு செல்வத்தைக் கொடுத்தார்கள். மேடையில் பல்லவி பாடிய முதல் பெண்மணி என்று உலகம் அவரைக் கொண்டாடியது. 1970-இல் சங்கீத கலாநிதி ஆனார். இருபது ஆண்டு கழித்துத் தம்பி ஜெயராமனுக்கும் அதே பட்டம் கிடைத்தது. அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது எட்டு வயதில் வாங்கிய பரிசு மட்டுமா? பரிசுக்குப் பிறகு ஒவ்வொரு தடையிலும் ஒருவர் வந்து ஒரு காரியம் செய்தார். முதல் பரிசு வாங்கிய பிள்ளைக்கே இத்தனை பேர் வேண்டியிருந்தது என்றால், வாங்காத பிள்ளைக்கு எத்தனை பேர் வேண்டும்?

நாம் செய்யக்கூடியது

ஆகவே நான்கு வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன்.

நடுவர்களுக்கு ஒன்று. மதிப்பெண் தாளின் அடியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டே வரி எழுதுங்கள். நன்றாக வந்த ஒன்று, திருத்த வேண்டிய ஒன்று. அந்த வரிகளைப் பிள்ளையின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். எண்ணைவிட அந்த வரி அதிக நாள் வாழும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. போட்டிக்கு மறுநாள் வகுப்பை ரத்து செய்யாதீர்கள். அன்றைக்குத் தோற்ற உருப்படியைப் பாடவைக்க வேண்டாம், புதிதாக ஒரு பாடம் தொடங்குங்கள். பழையதைப் பிறகு திருத்தலாம். கல்வி நின்றுவிடவில்லை என்பது அன்றே பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வானொலித் தேர்வில் முதல் தடவை தேறாத வளர்ந்த மாணவர்களுக்கும் இதுவே மருந்து. அங்கே மறுபடி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இடைப்பட்ட காலத்தை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது குருவின் பொறுப்பு.

பெற்றோருக்கு ஒன்று. வீடு திரும்பும் வழியில் தீர்ப்பை அலசாதீர்கள். நடுவரையும் திட்ட வேண்டாம், பிள்ளையையும் திட்ட வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, பரிசுக்காக இல்லாமல், வீட்டார் கேட்பதற்காக ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசி வேண்டுகோள் என்னைப் பேச அழைத்த இந்த அறக்கட்டளைக்கும் இந்த ஊருக்கும். ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதர், கச்சபேஸ்வரர், உலகளந்த பெருமாள் என்று இந்த ஊரில் கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் பஞ்சமில்லை. உற்சவமில்லாத மாதமும் இல்லை. ஆண்டுதோறும் ஒரு நாள் மாலை, ஒரு கோயிலில், போட்டிகளில் பரிசு பெறாத பிள்ளைகள் பாட ஏற்பாடு செய்யுங்கள். தோற்றவர்கள் என்று அறிவிக்க வேண்டாம். பெயரைச் சொல்லி அழைத்தால் போதும். நல்ல வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியமாக இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம் கொடுங்கள், மணி அடிக்காதீர்கள். பாடி முடித்ததும் ஒரு மூத்த வித்வான் அந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசட்டும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. இன்று எனக்கென்று ஒதுக்கியிருக்கும் சன்மானத்தை அந்த மாலைக்கு முதல் தொகையாக வைத்துக்கொள்ளும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். வரும் தை மாதத்தில் முதல் நிகழ்ச்சி நடக்குமானால், பிள்ளைகளுக்குத் தம்புரா மீட்ட நான் வருகிறேன்.